ஈசான மூலையில் நட்ட மரம்

ஒக்டோபர் 4

மகள் சாம்பவி பேர்கனில் இருந்து ரயிலில் வந்து இறங்கினாள். ஒரு கிழமை லீவாம். ஒரு கிழமை லீவுக்கு இரண்டு பெரிய சூட்கேஸ், மூன்று குளிர் ஜாக்கெட். நான் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் கேள்வி கேட்கும் இலாகா என் மனைவி தவமலரிடம் இருக்கிறது. அதிசயமாக அவளும் வாயைத் திறக்கவில்லை, இடியப்ப மாவைக் குழைக்கப் போய்விட்டாள்.

பிள்ளை சப்பாத்தைக் கழற்றாமலே பின் முற்றத்துக்குப் போய் மரத்தைப் பார்த்தாள். "காய்ச்சிருக்கு அப்பா!" என்றாள். இந்த வருடம்தான் முதல் காய்ப்பு. கருஞ்சிவப்பில், மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பழங்கள், கொத்துக் கொத்தாக.

இந்த மரத்தின் கதையையும் எழுதிவைக்கிறேன். போன வருடம் ஆவணியில் சாம்பவிக்கும் நிரோஷனுக்கும் கலியாணம். தாலிக்குப் பொன்னுருக்கிய அன்று கன்னிக்கால் ஊன்ற வேண்டும். ஊரில் என்றால் முள்முருக்கில் ஒரு தடியை வெட்டி ஈசான மூலையில் நட்டு, நவதானியம் போட்டு, பெண்டுகள் பாலும் தண்ணீரும் ஊற்றுவார்கள். தடி தழைத்தால் குடும்பமும் தழைக்கும் என்று நம்பிக்கை. ஒஸ்லோவில் முள்முருக்குக்கு எங்கே போக? மற்றவர்கள் ஏதாவது கொப்பை வாளியில் நட்டு, மண்டபத்தோடு விட்டுவிடுகிறார்கள். தவம் சம்மதிக்கவில்லை. "வேர் இல்லாத தடி இந்தக் குளிரில் என்னெண்டு தழைக்கும்? பட்டுப்போனா ஆர் பதில் சொல்லுறது?" என்று என்னை நாற்றுப் பண்ணைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே கறிவேப்பிலை மாதிரிச் சிறு சிறு இலையாக ஒன்று நின்றது. நோர்வேக்காரர் ரொங்ன் என்று சொல்லும் மரத்தில் குள்ளமான, அழகுக்கு வளர்க்கிற சாதி. நாலைந்து மீற்றருக்கு மேல் போகாது, குளிர் தாங்கும் என்று அட்டையில் எழுதியிருந்தது. தவத்துக்கு இலையைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. குழி வெட்டினது மட்டும்தான் நான்.

ஒக்டோபர் 6

உண்மை வந்துவிட்டது. நிரோஷன் கனடாவில் ஒரு வேலைக்கு எழுதிப்போட்டு, அது கிடைத்து, ஓம் என்றும் சொல்லிவிட்டாராம். சாம்பவிக்கு அந்தச் செய்தி, வீட்டுக்கு விருந்துக்கு வந்த சிநேகிதர்களுக்கு முன்னால்தான் தெரிந்ததாம். இன்ப அதிர்ச்சியாம்! இவள் பேர்கனில் மருந்துக்கடையில் எவ்வளவு பாடுபட்டு மனேஜராக வந்தவள்.

"என்னைக் கேக்கவேயில்ல அப்பா. நான் என்ன, அவற்ற சூட்கேஸோ?" என்று கேட்டாள்.

"ஃபோன் எடுத்தவரே?" என்றாள் தவம்.

"எனக்கு எடுக்க வேண்டாம், என்னெண்டாலும் அப்பாட்டச் சொல்லுங்கோ எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

நல்ல முடிவு என்றேன். தவம் என்னை முறைத்தாள்.

ஒக்டோபர் 15

பழங்களின் நிறம் போகிறது. முந்தாநாள் கருஞ்சிவப்பு, இன்றைக்கு வெளிறின ரோசா. சில கொத்துகள் வெள்ளையாகவே மாறத் தொடங்கிவிட்டன. தவம் காலையில் இருந்து சாப்பிடவில்லை. "கன்னிக்கால் வெளுக்குதப்பா. சிவப்பு வெள்ளையாகிறது நல்லதுக்கோ?" என்று அழுகிறாள். சாம்பவிக்குத் தெரியக்கூடாது என்று குசினி யன்னலின் திரையை இழுத்து மூடிவைத்திருக்கிறாள். பிள்ளை கேட்டதற்கு, வெயில் கண்ணில் அடிக்குதாம். ஒஸ்லோவில், ஒக்டோபரில்!

நான் நாலைந்து தரம் வெளியே போய்ப் பார்த்தேன். நோய் ஏதும் என்றால் மருந்து அடிக்கலாமே என்பதற்காக மட்டும்.

ஒக்டோபர் 16

வேலை மெனக்கெட்டு நாற்றுப் பண்ணைக்குப் போனேன். இங்கெர் என்ற பெண் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். இந்தச் சாதியின் குணமே அதுதானாம். சிவப்பாகப் பழுத்து, ரோசாவாகி, கடைசியில் வெள்ளையாகுமாம். இலை ஊதாச் சிவப்பாகி விழுந்த பிறகும் வெள்ளைப் பழம் வெறுங்கொப்பில் நிற்குமாம். குருவிகளும் மற்ற மரங்களின் சிவப்புப் பழத்தைத் தின்று முடித்த பிறகுதான் இதைத் தேடி வருமாம். "அழகே அதுதான், அதற்காகத்தான் வாங்குகிறார்கள்" என்றாள்.

வரும் வழியில் காரில் பாட்டுப் போட்டேன். தவத்திடம் சொன்னதும் திரையைத் திறந்துவிட்டு, சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பழைய மீன்குழம்பை வழித்து வழித்துச் சாப்பிட்டாள்.

ஒக்டோபர் 22, ஞாயிறு

நிரோஷன் என் ஃபோனுக்கு அழைப்பு எடுத்தார்.

"மாமா, சாம்பவி நிக்கிறாவோ?"

"படுத்திட்டா தம்பி."

"மத்தியானமோ?"

"களைப்பு," என்றேன்.

அவள் மேலே பழைய அறையில் இருந்தாள். கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். என் பிள்ளையைக் கேட்காமல் முடிவெடுத்தவர், காத்திருப்பது என்றால் என்ன என்று பழகட்டும். அவர் எடுத்ததைப் பின்னேரம் சொல்லத்தான் இருந்தேன். பிறகு மறந்துவிட்டது.

நவம்பர் 9

சாம்பவிக்கு இங்கேயே ஒரு மருந்துக்கடையில் தற்காலிக வேலை கிடைத்திருக்கிறது. காலையில் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன், பின்னேரம் ஏற்றிக்கொண்டு வருகிறேன். முப்பது வருடம் பேருந்து ஓட்டினேன், இப்படி ஒரு பயணி வாய்க்கவில்லை. முன் சீட்டில் இருந்து கதைத்துக்கொண்டே வருகிறாள். கடையில் இருமல் மருந்துக்குச் சண்டை பிடித்த கிழவரைப் போலப் பேசிக்காட்டினாள், எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது.

வீட்டில் ஆள் சத்தம் கேட்கிறது. மேல் மாடியில் நடமாட்டம், குளியலறையில் தண்ணீர்ச் சத்தம், ஒரே சாமானுக்குத் தாயும் மகளும் சண்டை. சந்தோசமாக இருக்கிறது. இதைத் தவத்திடம் சொன்னேன். அவள் மரத்துக்குப் பால் ஊற்றப் போனாள். இலை முழுக்க விழுந்துவிட்டது. குளிரில் பால் அடியில் உறைந்துபோய்க் கிடக்கிறது.

நவம்பர் 26, ஞாயிறு

நிரோஷன் எடுத்தார். ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிறார், நேரம் தவறுவதில்லை. குளிக்கிறாள் என்று சொன்னேன். அவள் உண்மையிலேயே கொஞ்சம் முன்னர்தான் குளித்திருந்தாள்.

டிசம்பர் 12

பனி மெல்லிசாகத்தான் கொட்டியிருக்கிறது. வெள்ளைப் பனிக்குள் வெள்ளைப் பழம், கிட்டப் போனால்தான் தெரிகிறது. பக்கத்து வீட்டு ஓலாவ் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்: ரொங்ன் நிறையக் காய்த்த வருடம் பனி குறைவாம். அந்த மரம் ஒரே வருடத்தில் பழம், பனி என்று இரண்டு சுமை சுமக்காதாம். நல்ல மரம், விபரம் தெரிந்த மரம்.

ஜனவரி 14, ஞாயிறு

நிரோஷன் எடுத்தார். 

"மாமா, கனடா வேலையை வேண்டாம் எண்டு எழுதிப்போட்டன். நான் கேக்காமச் செய்தது பிழை. அவவிட்டச் சொல்லிவிடுங்கோ. கதைக்க விருப்பமெண்டா எடுக்கட்டும். இல்லையெண்டா நான் கரைச்சல் குடுக்கமாட்டன்."

சொல்லுகிறேன் என்றேன்.

ஜனவரி 15

தைப்பொங்கல். சூரியன் வர முன்னமே பால் பொங்கிவிட்டது, அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டு நின்ற தவம் அந்த நிமிசம் பார்த்துத்தான் தும்மினாள். சாம்பவி விழுந்து விழுந்து சிரித்தாள். வந்த பிறகு இவள் இப்படிச் சிரித்தது இன்றைக்குத்தான். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு அந்தக் கதையை எடுப்பான் என்று விட்டுவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம்.

ஜனவரி 16

தடிமனும் இருமலும். படுத்திருந்தேன்.

பெப்ரவரி 13

காரில் வரும்போது சாம்பவி கேட்டாள். "அப்பா, அவர் உங்களுக்கு ஒருக்காக்கூட எடுக்கேல்லையோ?" ரோட்டில் கண்ணாடி மாதிரி ஐஸ். நான் ஓட்டுவதில் கவனமாக இருந்தேன். இல்லை என்று சொன்னேனா, சும்மா தலையை ஆட்டினேனா என்று சரியாக ஞாபகம் இல்லை. அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு கிழவர் கதை ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

ஃபோன் வரவில்லை. பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிறும் வரவில்லை.

சாம்பவி மெலிந்துவிட்டாள் என்கிறாள் தவம். இடியப்பம், சொதி, மீன்பொரியல் எல்லாம் செய்து கொடுக்கிறோம். தட்டில் அளைந்துவிட்டு எழும்புகிறாள். வயதுப் பிள்ளைகள் இப்போது மெலிவதைத்தானே விரும்புகிறார்கள்.

ஏப்ரல் 21

மேல் கொப்புகளில் மொட்டு வருவதுபோல இருக்கிறது. வருவதுபோலத்தான், வரவில்லை. தவம் தினமும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்புக் கொப்பாகப் பார்க்கிறாள். நான் வேறு அலுவலாகப் போகும்போது பார்க்கிறேன்.

மே 5

தழைத்துவிட்டது! தவம் போட்ட சத்தத்தில் ஓலாவ் ஓடி வந்துவிட்டார். மரத்தின் அடியில், மண்ணோடு ஒட்டி, விரல் தடிப்பில் ஒரு தளிர் கிளம்பி முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. மேலே இருக்கிற சோகை பிடித்த கொப்புகள் மாதிரி இல்லை, நல்ல கொழுத்த, மினுங்குகிற பச்சை.

"பாத்தீங்களே, கன்னிக்கால் பொய் சொல்லாது!" என்று தவம் சர்க்கரைப் பொங்கல் பொங்கி ஓலாவுக்கும் கொடுத்தாள். அவர் முந்திரிகையை மட்டும் பொறுக்கித் தின்றார். எனக்கும் நெஞ்சில் இருந்து ஒரு கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பிள்ளை எங்களோடு நன்றாக இருக்கிறாள், மரமும் அதைத்தான் சொல்லுகிறது என்று எடுத்துக்கொண்டேன். நம்பிக்கை இல்லாதவனும் நல்ல செய்தி என்றால் கேட்கலாம்தானே. நேரே போய்ப் பசளை வாங்கி வந்து தளிரின் அடியில் போட்டேன்.

மே 17

நோர்வேயின் தேசிய நாள். தெரு முழுக்கக் கொடியும் பாண்டு வாத்தியமும். போன வருடம் சாம்பவியும் நிரோஷனும் இங்கே வந்து ஊர்வலம் பார்த்தார்கள், அவர் ஐஸ்கிரீமைத் தன் வேட்டியில் ஊற்றிக்கொண்டார். இன்றைக்கு வா என்றால் தலையிடி என்றாள். யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர்வலம் போய் முடிந்த பிறகும் நின்றாள்.

மே 28

சாம்பவி மரத்தடியில் குந்தியிருந்து, கீழ் இலை ஒன்றையும் மேல் இலை ஒன்றையும் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிட்டப் போனேன்.

"அப்பா, இது ரெண்டும் ஒரு மரம் இல்ல."

"விசர்க் கதை கதைக்காத பிள்ளை."

"பாருங்கோ. மேல இருக்கிறது சின்ன இலை. இது பெரிசு, பல்லும் பல்லுமா இருக்கு." ஃபோனை எடுத்துத் தேடி வாசித்துக் காட்டினாள். இந்த அலங்கார மரங்களை, காட்டில் வளருகிற ரொங்னின் வேரில் ஒட்டு வைத்துத்தான் விற்பார்களாம். ஒட்டுக்குக் கீழே வேரில் இருந்து கிளம்புகிற தளிர் காட்டு மரத்தினுடையது. அது வெகு வேகமாக வளருமாம். விட்டால் சாறு முழுவதையும் அதுவே இழுத்துக்கொள்ள, மேலே இருக்கிறது பட்டுப்போகுமாம்.

"நாங்கள் நட்ட மரம் மேல நிக்கிறது. நீங்கள் பசளை போடுறது வேற மரத்துக்கு."

"ரெண்டும் வளரட்டுமே," என்றேன். "நல்லா வளருறதை ஏன் வெட்டுவான்?"

"ரெண்டும் வளராது அப்பா. மேல பட்டுப்போகும்."

அதைச் சொல்லிவிட்டு அழத் தொடங்கிவிட்டாள். ஒரு மரத்துக்காக இப்படி அழுவாளா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான், எட்டு மாதமாக இந்தப் பிள்ளை யன்னலால் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று விளங்கியது. இந்த மரம் பட்டுப்போகக்கூடாது என்று எங்கள் எல்லோரையும்விட அதிகமாக ஆசைப்படுகிறவள் அவள்தான்.

நான் தோட்டத்துக் குழாயைப் பூட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மே 31

மேலே இரண்டு கொப்பில் இலை சுருண்டுவிட்டது. கீழ்த் தளிர் இடுப்பு உயரம்.

ஜூன் 2, ஞாயிறு

ஃபோன் வராது என்று தெரிந்துகொண்டே அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலை முழுக்க இருந்தேன். மத்தியானம் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். ஞாயிற்றுக்கிழமைகள், படுத்திருக்கிறாள், குளிக்கிறாள், கனடா வேலையை வேண்டாம் என்று எழுதியது, பிழை என்று அவர் சொன்னது, எல்லாம். ஐந்து நிமிசம்கூட ஆகவில்லை. இவ்வளவு சின்னக் கதைக்காக எட்டு மாதம் காத்திருந்திருக்கிறேன்.

தவம் கரண்டியைப் போட்டுவிட்டாள். "நீங்கள் மனுசனே?" என்றாள்.

சாம்பவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனப்பா?"

"நீ வீட்டில நிண்டது எனக்கு நல்லா இருந்தது பிள்ளை." அதைவிட வேறு காரணம் என்னிடம் இல்லை. சொல்லும்போதே கூசிவிட்டது.

அவள் எழுந்து மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 3

பேருந்தில் வேலைக்குப் போனாள்.

ஜூன் 4

பின்னேரம் சாம்பவி குசினிக்கு வந்து என் முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். "உங்கட ஃபோனில இருந்து அவருக்கு எடுங்கோ. முதல் நீங்கள் சொல்லுங்கோ. பிறகு என்னட்டத் தாங்கோ," என்றாள்.

எடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. ஃபோனைத் தூக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். அப்படித் தூக்காமல் விட்டிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியவில்லை. கடைசியில் "மாமா?" என்றார். பயந்த குரல். ஆருக்கும் ஏதும் நடந்துவிட்டதோ என்று நினைத்திருக்க வேண்டும்.

"தம்பி, நீங்கள் சொன்ன ஒண்டையும் நான் அவளுக்குச் சொல்லேல்ல. நேற்று முந்தாநாள்தான் சொன்னனான். பிழை என்ர. அவளில ஒரு பிழையும் இல்ல."

 பிறகு, "அவ நிக்கிறாவோ மாமா?" என்றார்.

"நிக்கிறா," என்றேன். முதல் தடவையாக.

ஃபோனைக் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்தோம். தவத்துக்கு நிற்க முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. தளிரை வெட்டப்போகிறேன் என்றதும் குறுக்கே நின்றாள். "கன்னிக்காலில கத்தி வைக்கிறதோ!" கோயில் ஐயருக்கு ஃபோன் போட்டாள். அவர், "அம்மா, நான் பெருந்தெருவில கார் ஓட்டுறன். பட்டுப்போகாமல் இருக்கிறதுக்கெண்டா வெட்டுங்கோ, வெட்டுங்கோ," என்று சொல்லி வைத்துவிட்டார். மண்ணைக் கிளறி, வேரோடு ஒட்டிய இடத்தில் வெட்டி எடுத்தேன். நல்ல கொழுத்த தண்டு. நான்தானே பசளை போட்டேன்.

உள்ளே சாம்பவியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் ஏச்சு. நல்ல ஏச்சு, தவத்தின் வாய்தான் அவளுக்கு. பிறகு அழுகை.  பிறகு, இருமல் மருந்துக் கிழவரைப் போலப் பேசிக்காட்டுகிறாள். தவம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே புல்லில் இருந்துவிட்டாள்.

ஜூன் 7

சாம்பவி என்னோடு காரில் வந்தாள். அதிகம் கதைக்கவில்லை. இறங்கும்போது, "பின்னேரம் நாலரைக்கு வாங்கோ அப்பா," என்றாள். நாலு மணிக்கே போய் நின்றேன்.

ஜூன் 8, சனி

நிரோஷன் காலை ரயிலில் வந்தார். தாடி வளர்த்திருந்தார், சேட்டின் கழுத்து தொளதொளவென்று இருந்தது. இங்கே ஒருத்தி மெலிய, அங்கேயும் ஒருவர் மெலிந்திருக்கிறார். வாசலில் வைத்து, "தம்பி, என்னை மன்னிக்கவேணும்," என்றேன். அவர் என் கையைப் பிடித்தார். "பிறகு கதைப்பம் மாமா," என்றார். கண் எனக்குப் பின்னால் படிக்கட்டில் இருந்தது. படியில் சாம்பவி நின்றாள். இரண்டு பேரும் ஒரு சொல் கதைக்கவில்லை. நாங்கள் நிற்கும்வரை கதைக்கமாட்டார்கள் என்று விளங்கியது.

தவம் சத்தமாக, "ஐயோ, வீட்டில பருப்பு முடிஞ்சுபோச்சு," என்றாள். அலுமாரியில் பத்துக் கிலோ பருப்பு இருக்கிறது. நான் கார்ச் சாவியை எடுத்தேன். மத்தியானம் வருவோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

தமிழ்க் கடைக்குப் போனோம். பருப்பு வாங்கினோம், வாங்காவிட்டால் பொய்யாகிவிடும். கோயிலுக்குப் போனோம், நடை சாத்தியிருந்தது. வெளியே நின்று கும்பிட்டோம். நான் கொஞ்சம் கூட நேரம் கும்பிட்டேன், தவம் பார்த்துவிட்டுப் பார்க்காதமாதிரி நின்றாள். பிறகு போக இடம் இல்லாமல் வீட்டுக்கு வந்து, தெரு மூலையில் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்து எங்கள் வீட்டு வாசல் தெரியும்.

"கதவைத் திறந்துகொண்டு ஒராள் சூட்கேஸோட வெளிய வந்தா?" என்றாள் தவம்.

"எந்த ஆள்?"

"அதைத்தான் கேக்கிறன்."

 அவள் என் கையைப் பிடித்தாள். இந்த ஒரு கிழமையாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவள். கை ஐஸ் மாதிரி இருந்தது. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது, அதை எழுதிவைக்கிறேன், பயமாகத்தான் இருந்தது.

ஃபோன் அதிர்ந்தது. சாம்பவியின் செய்தி. தவம்தான் வாங்கி வாசித்தாள்.

"அப்பா, கார் மூலையில நிக்கிறது மேல் யன்னலால தெரியுது. கோவிக்காதைங்கோ, இன்னும் ஒரு மணித்தியாலம் கழிச்சு வாங்கோ."

தவம் அதைத் திரும்பவும் வாசித்தாள். பிறகு ஃபோனைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். முகம் முழுக்கக் கண்ணீர், ஆனால் சிரிக்கிறாள்.

"ஒண்டு எண்டோ கேட்டவள்? ரெண்டாக்குவம். எடுங்கோ காரை."

கடற்கரைப் பக்கம் போனோம்.